லூசிடானியாவின் கீழ்த்தட்டு

பத்தொன்பது விடைத்தாள்களில் பதினாறுக்கு ஒரே கேள்வியில் பூச்சியம். மீதி மூன்று பேருக்கு அதே கேள்வியில் நான்குக்கு நான்கு. அந்த மூவரும் அந்தப் பாடம் நடந்த அன்று பாடசாலைக்கு வராதவர்கள். பாடநூலில் இருக்கும் இரண்டு வரிகளை மனனம் செய்து அப்படியே இறக்கிவைத்திருந்தார்கள். பாடத்துக்கு வந்து, கேட்டு, சிரித்து, கேள்வி கேட்ட பதினாறு பேரின் தாள்களிலும் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரே சொல் இருந்தது: "பார்த்தெழுதியது".

சுகந்தினி டீச்சர் பாடசாலை அதிபரின் மேசையில் அந்த விடைத்தாள் கட்டை மூன்றாவது தடவையாகப் புரட்டினார். எதிரே அதிபர் நஜீப் வலயக் கல்விப் பணிமனையின் கடிதம் ஒன்றை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஸோன்ல இருந்து வந்தீக்கி மிஸ். நீங்களே வாசிங்க. எனக்கு ரெண்டாந்தரம் வாசிக்க ஏலாது."

வலய மட்டத் தவணைப் பரீட்சை, தரம் பதினொன்று, வரலாறு. முதலாம் உலகப் போரில் லூசிடானியா என்ற பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது பற்றிச் சுருக்கமாக எழுதச் சொன்ன கேள்வி. விடைத்தாள்களை வேறு பாடசாலை ஆசிரியர்கள்தான் திருத்துவார்கள். திருத்தியவர் பதினாறு தாள்களில் ஒரே விடயத்தை, ஒரே பிழையோடு கண்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆசிரிய ஆலோசகர் நேரில் வந்து விசாரிப்பார். பார்த்தெழுதியது உறுதியானால் பதினாறு பேரின் வரலாற்றுத் தாளும் முழுதாக நீக்கப்பட்டு, அவரவர் பதிவேட்டில் குறிப்பு எழுதப்படும். ஆசிரியரே பிழையாகப் படிப்பித்திருந்தால் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பதினொன்றாம் தர வகுப்பு அவரிடமிருந்து எடுக்கப்படும்.

"ஒன்டு புள்ளைகள்ட பிழை, இல்லாட்டி ஒங்கட பிழை," என்றார் நஜீப். "மூணாவதா ஒன்ட இந்தக் கடிதத்துல தேடிப் பாத்தன். இல்ல."

"பிள்ளைங்க பாத்து எழுதல சேர். நான் படிச்சுக் கொடுத்தத எழுதியிருக்காங்க."

"அப்ப பிழை எங்க?"

"அதத்தான் சேர் நானும் தேடுறேன்."

பிழை எங்கே என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சுகந்தினிக்கு முப்பத்தேழு வயது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி றப்பருமான ஒரு தோட்டத்தின் கீழ் டிவிசனில் பிறந்தவர். அப்பா இருளப்பன் றப்பர் மரத்தில் பால் வெட்டினார், அம்மா வெள்ளையம்மா கொழுந்து பறித்தார். உயர்தரத்தில் அவர் படித்தது தமிழ், இந்து நாகரிகம், அரசியல் விஞ்ஞானம். உதவி ஆசிரியராக நியமனம் வாங்கி, ஆசிரிய சேவைக்குள் எடுக்கப்படுவதற்குப் பல வருடங்கள் காத்திருந்தார். வரலாறு அவர் கேட்டு வாங்கிய பாடம் அல்ல. வேறு யாரும் எடுக்க முன்வராததால் நேரசூசியில் அவர் பெயருக்கு நேரே விழுந்தது.

விழுந்ததை அவர் விடவில்லை. இந்தப் பத்தொன்பது பேரையும் எட்டாம் தரத்தில் எடுத்தார். நான்கு வருடமாக அவரேதான். பாடசாலையின் ஒரே உலகப் படத்தில் சோவியத் ஒன்றியம் இன்னும் உடையாமல் இருந்தது. யாரோ அன்பளிப்பாகத் தந்த புரொஜெக்டருக்கு வயர் இல்லை. அதிகாரி வருகை, விளையாட்டுப் போட்டி ஒத்திகை, டெங்கு சிரமதானம் என்று எது வந்தாலும் முதலில் வெட்டப்படுவது வரலாற்றுப் பாடவேளைதான். சென்ற வருடம் இங்கிருந்து சாதாரண தரம் எழுதிய இருபத்திரண்டு பேரில் வரலாற்றில் சித்தியடைந்தவர்கள் ஆறு பேர். இந்தத் தடவை பதினைந்து பேர் தேறுவார்கள் என்று அவர் ஒவ்வொரு பெயராக யோசித்து வைத்திருந்தார். பரீட்சைக்கு இன்னும் மூன்று மாதம். இப்போது வகுப்பை எடுத்துவிட்டால் அந்தப் பதினைந்தில் எத்தனை மிஞ்சும் என்று யோசிக்கவே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

லூசிடானியா பாடம் நடந்தது ஒரு புதன்கிழமை. அன்று மழை. அந்தப் பக்கத்து மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் ஆசிரியரின் குரல் முதல் வாங்கைத் தாண்டாது. அதனால் சுகந்தினி பேசுவதை விட்டுவிட்டுக் கரும்பலகையில் கப்பல் ஒன்றை வரைந்தார். நான்கு புகைபோக்கிகள். அடுக்கடுக்காகத் தட்டுகள். மேலே முதலாம் வகுப்பு, நடுவில் இரண்டாம் வகுப்பு, கீழே மூன்றாம் வகுப்பு என்று எழுதினார்.

முன் வாங்கில் இருந்த சசி எழுந்து வந்து, மழைக்கு மேலாகக் கத்தினான். "ஒரே கப்பல்ல ஒரே ஊருக்குத்தானே டீச்சர் போறாங்க. எதுக்கு மூணு மாதிரி?"

விளக்கிக் கத்த அவருக்குத் தொண்டை இல்லை. எழுதியதை அழித்தார். மேல்தட்டில், தோட்டத்துரை இருக்கும் "பங்களா" என்று எழுதினார். நடுத்தட்டில் "ஸ்டாப் குவாட்டர்ஸ்". கீழ்த்தட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான "லயம்".

வகுப்பு ஒரு விநாடி பார்த்தது. பிறகு பத்தொன்பதில் அன்று வந்திருந்த பதினாறு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். எல்லாம் விளங்கிவிட்டது. யார் எந்தத் தட்டில் சாப்பிடுவார்கள், யார் எந்தப் படியில் ஏறக்கூடாது, யாருடைய காம்பரா அறையில் எத்தனை பேர் படுப்பார்கள் என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். நியூயோர்க்கிலிருந்து கிளம்பிய நாள், ஜேர்மன் தூதரகம் பத்திரிகையில் போட்ட எச்சரிக்கை, அயர்லாந்துக் கரைக்குப் பக்கத்தில் நீர்மூழ்கி எய்த டோர்பிடோ, பதினெட்டு நிமிடத்தில் கப்பல் மூழ்கியது, கிட்டத்தட்ட ஆயிரத்து இருநூறு பேர் இறந்தது, அமெரிக்கா இரண்டு வருடம் கழித்துப் போருக்குள் வந்தது என எல்லாமே அன்று ஒரே பாடவேளையில் உள்ளே போயின. நான்கு வருடத்தில் அப்படியொரு வகுப்பு நடந்ததில்லை.

மழை விட்டதும் ஷாமிளா கையை உயர்த்தினாள். கேள்வி கேட்கும் பழக்கம் இல்லாத பிள்ளை.

"அப்ப மொதல்ல செத்தது லயத்துல இருந்தவங்கதானே டீச்சர்? பங்களாக்காரங்க தப்பிச்சிருப்பாங்கதானே?"

மணி அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வகுப்பு கலைந்து சத்தமாக இருந்தது. சுகந்தினி, "ஆமா, வேற எப்படி நடக்கும்?" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்தார்.

பதினாறு பேரும் பரீட்சையில் அதையும் எழுதியிருந்தார்கள். பங்களா தப்பியது, லயம் முழுதாகப் போனது.

வெள்ளிக்கிழமை காலை ஆசிரிய ஆலோசகர் தம்பிராஜா வந்தார். ஐம்பத்தாறு வயது, வடக்கே கரவெட்டிக்காரர். இரண்டு வருடத்துக்கென்று இந்த மாவட்டத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் தங்கிவிட்டவர். சந்தியிலிருந்து மேலே வேன் ஏறாது என்று தெரிந்து, குடையை ஊன்றியபடி இரண்டரைக் கிலோமீற்றர் நடந்து வந்திருந்தார். சப்பாத்தில் சேறு. காற்சட்டையில் அட்டை ஒன்று ஊர, அப்படியே பதினொன்றாம் தர வகுப்புக்குள் நுழைந்தார்.

"இருங்கோ எல்லாரும். பயப்பிடாதேங்கோ, நான் பொலிஸ் இல்லை."

"பொலிஸ் இம்புட்டுத் தூரம் நடந்து வராது," என்று சசி முணுமுணுத்தான்.

"கேட்டது தம்பி. நீர்தான் முதல் ஆள். எழும்பும்."

சுகந்தினியைக் கடைசி வாங்கில் உட்காரச் சொன்னார்கள். குறுக்கே பேசக்கூடாது என்று நஜீப் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தம்பிராஜா ஒவ்வொருவராகக் கேட்டார். சசி டோர்பிடோவைப் பற்றிச் சொன்னான். அடுத்து கிருஷ்ணராஜ் எழுந்தான். எச்சரிக்கை அறிவித்தலைப் பற்றிக் கேட்டபோது அவன் சொன்னான்:

"பேப்பர்ல நோட்டீஸ் போட்டிருக்காங்க சேர். சண்டை நடக்குது, இந்தக் கப்பல்ல போனா உங்க பொறுப்புன்னு. ஆனா டிக்கட் விக்கிறத நிப்பாட்டல. எங்க லயத்துச் செவத்துலயும் நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. மண்சரிவு வரும், எழும்பிப் போங்கன்னு. எங்க போறதுன்னு அதுல இல்ல."

"அது பாடத்திலை இல்லை, தம்பி."

"நோட்டீஸ் பாடத்துல இருக்கு சேர்."

தம்பிராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். "சரி, இரும். அடுத்த பிள்ளை. இந்தக் கப்பல் மூழ்கினதாலை அமெரிக்கா உடனை சண்டைக்கு வந்ததோ?"

ஷாமிளா எழுந்தாள். "இல்லங்க சேர். கப்பல் போனது ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினஞ்சுல. அவங்க வந்தது பதினேழுல. ரெண்டு வருசம் யோசிச்சிருக்காங்க. கப்பலும் ஒரு காரணம், அது மட்டும் இல்ல."

"இதை ஆர் சொல்லித் தந்தது?"

"டீச்சர்தான்."

"டவுன் பள்ளிக்கூடங்களிலை கூட இதைப் பிழையாத்தான் எழுதுகினம்," என்றார் தம்பிராஜா யாரையும் பார்க்காமல். ஏழு பேரைக் கேட்ட பிறகு குறிப்புப் புத்தகத்தை மூடினார். "இது பார்த்தெழுதினது இல்லை. ஒவ்வொருத்தரும் தன்ரை வாயாலை சொல்லுகினம்."

நஜீப் வாசலில் நின்று மூச்சு விட்டார். 

"ஆனால் ஒரு விசயம்," என்றார் தம்பிராஜா. "மேல்தட்டுக்காரர் தப்பிச்சினம், கீழ்த்தட்டுக்காரர் முழுப்பேரும் செத்தவை எண்டு பதினாறு பேரும் எழுதியிருக்கிறியள். அது பிழை. பனிப்பாறையிலை மோதின மற்றக் கப்பலிலைதான் அப்பிடி ஒரு வித்தியாசம் இருந்தது. இதிலை முதலாம் வகுப்பிலை நூறுக்கு முப்பத்தொன்பது பேர் மட்டிலை தப்பினவை. மூண்டாம் வகுப்பிலை முப்பத்தாறு. கிட்டத்தட்ட ஒண்டுதான். கப்பல் சரிஞ்சு போச்சு. நாப்பத்தெட்டு உயிர்காப்புப் படகிலை ஆறுதான் ஒழுங்கா இறங்கினது. பதினெட்டு நிமிசத்திலை ஆரும் ஆரையும் முந்தேல்லை."

கடைசி வாங்கில் சுகந்தினி அந்த எண்களைத் தன் நினைவில் தேடினார். அவர் இதை எங்கேயும் வாசித்ததில்லை. இதற்கு எதிரானதையும் எங்கேயும் வாசித்ததில்லை.

"பொய் சேர்," என்றான் சசி.

"என்னது?"

"பங்களா போயிருக்காது சேர். இந்தக் கணக்க யாரு எழுதினது? மேல இருந்தவங்கதானே?"

"கப்பல் கொம்பனியிட்டைப் பேர்ப் பட்டியல் இருந்தது, தம்பி. ஆர் ஆர் ஏறினது எண்டு பேர் பேரா."

"இங்கயும் செக்ரோல் இருக்கு சேர். பேர் பேரா."

வகுப்பு சிரித்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் வேலைக்குப் போயும் அந்தப் பேரேட்டில் பெயர் விழாத நாள் ஒன்று உண்டு. சுவரில் விரிசல் விழுவதும் முதலில் கீழ் லயத்துக்குத்தான் என்பதை அவர்கள் ஒவ்வொரு மழைக்கும் பார்த்தார்கள். பங்களா மேட்டில் இருந்தது. உலகத்தில் எங்கேயாவது பங்களாவும் லயமும் ஒரே அளவில் போகும் என்று நம்ப அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

தம்பிராஜா சிரிக்கவில்லை. "சரி. கீழ்த்தட்டு முழுக்கச் செத்தது எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஷாமிளா மேசையைப் பார்த்தாள். ஒருவர்கூடக் கடைசி வாங்குப் பக்கம் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் இருந்ததிலேயே சுகந்தினிக்கு விளங்கிவிட்டது. கடிதத்தில் இருந்ததை அவர்கள் எப்படியோ தெரிந்துவைத்திருந்தார்கள்.

"யாரும் சொல்லல சேர்," என்றான் சசி. "நாங்களா யோசிச்சோம்."

"பதினாறு பேருமோ?"

"ஆமா சேர்."

"எங்கை வைச்சு?"

சசி கொஞ்சம் தயங்கினான். "பரீட்சையில சேர். நான் எழுதிக் காட்டினேன்."

"நான் பாத்து எழுதினேன்," என்றாள் ஷாமிளா.

"நானும்," என்றான் கிருஷ்ணராஜ். பின்னால் மூன்று நான்கு கைகள் உயர்ந்தன.

தம்பிராஜா மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தார். "அப்ப பார்த்தெழுதினதுதான்."

"அந்த ஒரு வரி மட்டும் சேர்," என்றான் சசி.

"ஃபோர்மிலை ஒரு வரி, முழுத் தாள் எண்டு பிரிவு இல்லை."

சுகந்தினி யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. சும்மா இருந்தால் வகுப்பு அவரிடமே இருக்கும். மூன்று மாதம், பதினைந்து பேர். அதற்கு விலையாகப் பதினாறு பதிவேடுகளில் ஒரு குறிப்பு. நாளைக்கு ஏதாவது கந்தோரில், ஆடைத் தொழிற்சாலையில், யாராவது ஒருவர் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இது என்ன பிள்ளை என்று ஷாமிளாவிடம் கேட்பார். அவர் எழுந்தார்.

"சேர், பிள்ளைங்க பொய் சொல்றாங்க. நான்தான் சொன்னேன்."

"டீச்சர், நீங்க சும்மா இருங்க," என்றான் சசி திரும்பாமலே.

"எங்கை வாசிச்சனீங்கள் பிள்ளை?" என்று சுகந்தினியிடம் கேட்டார் தம்பிராஜா.

"எங்கயும் வாசிக்கல. பிள்ளைங்க அப்படித்தானேன்னு கேட்டாங்க. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

தம்பிராஜா எழுதத் தொடங்கினார்.

அதிபரின் அறையில் படிவத்தை முடித்தபோது தம்பிராஜா தேநீரைத் தொடவில்லை. "பிள்ளை, நீங்கள் படிப்பிச்ச மிச்சம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் சும்மா சொல்லேல்லை. ஆனால் மிச்சத்தை எழுத இதிலை இடம் இல்லை." படிவத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு சதுரங்கள். ஆசிரியரின் பிழை என்றிருந்ததில் சரி போட்டிருந்தது. பதினாறு தாள்களிலும் நான்குக்கு இரண்டு போடச் சொல்லித் தனியே குறிப்பும் எழுதியிருந்தார். கையெழுத்துக்குப் பேனாவை நீட்டியபோது அவர் கண்ணாடிக்கு மேலால் எதையோ சொல்ல வந்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார்.

நஜீப் திங்கட்கிழமை நேரசூசியை அழிறப்பரால் திருத்திக்கொண்டிருந்தார். பதினொன்றில் வரலாறு, முக்தார் சேர். ஆறாம் தரத்தில் சுகாதாரம், சுகந்தினி.

"முக்தார் சேர் வணிகக்கல்வி சேர். அவருக்கு வரலாறு வேணாம்னு அவரே சொல்லியிருக்காரு."

"தெரியும் மிஸ். நோட்ஸ் குடுப்பார். எழுதிப் பாடமாக்கினா பாஸ் பண்ணலாம்."

"நான் பின்னால உக்காந்து இருக்கவா? பேசமாட்டேன். பிள்ளைங்க எதையாவது விட்டா மட்டும் பிறகு சொல்லிக் கொடுக்குறேன்."

"ஏலாது மிஸ். ஸோனுக்கு எழுதிக் குடுத்தீக்கி." அழித்த இடத்தைக் கையால் தட்டினார். "நீங்க எழும்பாம இருந்தீந்தா நானும் சும்மாதான் இருந்திருப்பன். அத ஒங்களுக்குச் செல்லணும்."

பாடசாலை விட்டபின் பதினொன்றாம் தரம் வீட்டுக்குப் போகவில்லை. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், பாதை இறங்கும் இடத்தில் நின்றார்கள். சுகந்தினி நன்றியை எதிர்பார்க்கவில்லை, அழுகையை எதிர்பார்த்தார். என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்தபடிதான் நடந்து வந்தார்.

"ஏன் டீச்சர் எழும்பினீங்க?" என்றான் சசி.

"உங்க பேருல எழுதியிருப்பாங்கடா."

"எழுதட்டும். மூணு மாசத்துல நாங்க இந்த ஸ்கூல்லயே இல்ல."

"லீவிங் சேட்டிபிகேட்ல வரும். நாளைக்கு வேலைக்குப் போறப்ப தெரியும் உனக்கு."

"பாஸானாத்தானே டீச்சர் அந்தப் பேப்பர யாரும் கேப்பாங்க. பெயிலானா, பெரிய தொர லொக்கு மாத்தயாட்ட போய் பால் வெட்ட வாறேன்னு சொல்லணும். அவரு சேட்டிபிகேட்டா கேக்கப் போறாரு? கத்தி பிடிக்கத் தெரியுமான்னு கேப்பாரு."

இரண்டு பேர் சிரித்தார்கள். சுகந்தினிக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து யார்மேலும் காட்ட முடியாத கோபம். "நான் உங்களப் பொய் சொல்லச் சொன்னேனா? என்னைக் காப்பாத்தச் சொல்லிக் கேட்டேனா?"

"நீங்களும் எங்கள ஒரு வார்த்த கேக்கலியே டீச்சர்," என்றாள் ஷாமிளா. அவள் குரல் உயரவே இல்லை. "நாங்க பேசி வச்சுத்தான் சொன்னோம். ஒரு டெஸ்ட் போனா பரவாயில்ல, டீச்சர் இருக்கணும்னு. பதினாறு பேரும் ஒத்துக்கிட்டோம்."

"அது தப்பு ஷாமிளா."

"இருக்கலாம். ஆனா அன்னைக்கு நான் கேட்டப்ப, தெரியாது, தேடிப் பாத்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் எழுதி வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

மேலிருந்து கொழுந்து லொறி வளைவில் ஹோர்ன் அடித்தது. பிள்ளைகள் பாதையோரம் ஒதுங்கினார்கள். சுகந்தினியும் ஒதுங்கினார். லொறி போகும் வரைக்கும் அவர் ஷாமிளாவுக்குச் சொல்ல ஒரு பதிலைத் தேடினார். தேடிக் கிடைத்ததெல்லாம் மழை, மணி, சத்தம் என்ற சாக்குகள்தான். அவற்றை எழுதியிருந்தால் அவரே சிவப்புப் பேனாவால் வெட்டியிருப்பார்.

"சொல்லியிருக்கணும்," என்றார்.

ஷாமிளா தலையாட்டினாள். அது மன்னிப்புப் போல இல்லை. சரியான விடையைக் கேட்டுக்கொண்டது போல இருந்தது. பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக லயத்துப் பாதையில் இறங்கத் தொடங்கினார்கள். சசி நான்கைந்து படி இறங்கி, நின்று, மேலே பார்த்தான்.

"திங்கக்கிழமைக்குப் புதுக் கொப்பி வாங்கணுமாம் டீச்சர். முக்தார் சேர் மொதல்லருந்து நோட்ஸ் குடுக்கப் போறாராம். பழசு வேணாமாம்."